"ஸ்ட்ரெஸை எப்படி ஹேண்டில் பண்ணுவீங்க?": மேனேஜர் ரவுண்டில் இதற்கு என்ன சொல்வது

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவரின் நிலைமையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊர் திருப்பத்தூர்ப் பக்கம். அப்ளிகேஷன் சப்போர்ட்டில், அதாவது கம்பெனிகளின் சாஃப்ட்வேர் நிற்காமல் ஓடப் பார்த்துக்கொள்ளும் வேலையில், நான்கு வருட அனுபவம். பெங்களூரு கே.ஆர்.புரத்தில் பி.ஜி.யில் தங்கி வேலை தேடுகிறார். டெக்னிக்கல் ரவுண்டைத் தாண்டிவிடுகிறார். மேனேஜர் ரவுண்டில் "ஸ்ட்ரெஸை எப்படி ஹேண்டில் பண்ணுவீங்க?" என்று வந்ததும் சறுக்குகிறது. ஒரு கம்பெனியில் "யோகா பண்ணுவேன், பாட்டு கேட்பேன்" என்றார். அடுத்த கம்பெனியில் "எனக்கு ஸ்ட்ரெஸே வராது சார்" என்றார். இரண்டு இடத்திலிருந்தும் மறுபடி கூப்பிடவில்லை. போதாததற்கு, பழைய வேலையை விட்டதே நைட் ஷிப்டும் பிரஷரும் தாங்காமல்தான். அதை எப்படிச் சொல்வது என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

பெங்களூரு அவுட்டர் ரிங் ரோட்டில் சப்போர்ட் டீம்களுக்கு ஆள் எடுக்கும் பேனல்களில் பல வருடங்களாக உட்கார்ந்து வருகிறேன். மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி எப்படித் தெரிகிறது என்பதை வைத்தே அவரிடம் நேராகப் பதில் சொல்கிறேன்.

அந்த மேனேஜருக்கு உங்கள் மன அமைதியைப் பற்றி அப்போதைக்குப் பெரிய அக்கறை எதுவும் கிடையாது. அவர் மனதில் ஓடுவது வேறு. மாசக் கடைசி, ராத்திரி இரண்டு மணி, சம்பளம் போடும் சிஸ்டம் படுத்துவிட்டது, டூட்டியில் நீங்கள் மட்டும் இருக்கிறீர்கள். அப்போது அவருக்கு போன் பண்ணுவீர்களா, அல்லது நீங்களே நோண்டிக்கொண்டிருந்துவிட்டு விடிந்த பிறகு "சார், ஒரு சின்ன இஷ்யூ" என்று ஆரம்பிப்பீர்களா? சப்போர்ட் டீம் நடத்தும் எவரும் இரண்டாவது வகை ஆளிடம் ஒரு தடவையாவது சூடு பட்டிருப்பார். ஆகவே உங்கள் பதிலில் அவர் தேடுவது மூன்று விஷயம்: கைமீறுகிறது என்று எப்போது உணர்ந்தீர்கள், யாரிடம் எவ்வளவு சீக்கிரம் சொன்னீர்கள், எதை முதலில் எடுத்து எதைத் தள்ளி வைத்தீர்கள்.

இப்படிப் பார்த்தால் "ஸ்ட்ரெஸே வராது" ஏன் எடுபடவில்லை என்று புரியும். கேட்பவர் காதில் அது இரண்டு விதமாகத்தான் விழும். நிஜமான நெருக்கடியை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று ஒன்று. பார்த்தாலும் வெளியே சொல்ல மாட்டீர்கள் என்று இன்னொன்று. இரண்டாவதுதான் அவருக்கு அதிக பயம்.

யோகா பதிலின் குறை வேறு மாதிரி. ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1984-இல், மனிதர்கள் நெருக்கடியை எதிர்கொள்ளும் வழிகளை இரண்டாகப் பிரித்தார்கள். பிரச்சினையையே சரிசெய்யப் பார்ப்பது ஒன்று. பிரச்சினையால் உள்ளே எழும் பதற்றத்தைத் தணித்துக்கொள்வது மற்றொன்று. வாழ்க்கைக்கு இரண்டும் வேண்டும். யோகா, பாட்டு, கப்பன் பார்க்கில் நடை, அல்சூர் ஏரிக்கரையில் உட்காருவது எல்லாம் இரண்டாவது வகை. நேர்காணலில் கேட்கப்படுவது பெரும்பாலும் முதல் வகை. சர்வர் படுத்துக்கிடக்கும்போது நீங்கள் மூச்சுப் பயிற்சி செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டு ஒரு மேனேஜர் என்ன செய்வார்? யோகாவைச் சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடைசியில் ஒரு வாக்கியமாக வந்தால் அழகு. அதுவே முழுப் பதிலாக இருந்தால் காலி.

நீங்கள் சொல்லாத மூன்றாவது ரகப் பதில் ஒன்று உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகளிடம் நான் அதிகம் கேட்பது அதைத்தான். "மூணு நாள் தூங்காம வேலை பார்த்து டெலிவர் பண்ணேன் சார்." சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமிதம் வேறு. அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். முணுமுணுக்காமல் கஷ்டப்படுகிறவனைத்தான் நம் வீடுகளில் நல்ல பிள்ளை என்பார்கள். பள்ளியிலும் அதுவே. ஆனால் பேனலில் இருப்பவர் அந்தக் கதையை வேறு விதமாகக் கூட்டிக் கழிக்கிறார். மூன்று நாள் தூங்காத நிலைமை ஏன் வந்தது? முதல் நாளே யாரிடமாவது சொன்னாரா? தூக்கமில்லாத மூன்றாம் நாள், வாடிக்கையாளர் பயன்படுத்தும் நிஜ சிஸ்டமான ப்ரொடக்‌ஷனில் கை வைத்தாரா? இந்த மூன்றுக்கும் உங்கள் கதையில் பதில் இல்லையென்றால் நீங்கள் பட்ட பாடு உங்களுக்கு எதிராகவே நிற்கும். எவ்வளவு தாங்கினீர்கள் என்பதைக் குறையுங்கள். என்ன முடிவு எடுத்தீர்கள் என்பதைக் கூட்டுங்கள். நான் எழுதப்போகும் மீதி எல்லாம் இதைச் சுற்றித்தான்.

(இந்தத் தூங்காத கதையைக் கேட்டுக் கண் பளபளக்கும் பேனல்களும் பெங்களூரில் உண்டு. அவற்றைப் பற்றிப் பிறகு வருகிறேன்.)

பதிலை எப்படிக் கட்டுவது? பெரிய கம்பெனிகளின் எச்.ஆர். ஆட்கள் பெரும்பாலும் 'ஸ்டார்' என்ற முறையில் கேட்கப் பயிற்சி பெற்றவர்கள். சூழ்நிலை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு என்ற வரிசை. இணையத்தில் எங்கு தேடினாலும் இது கிடைக்கும் என்பதால் விளக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சூழ்நிலையை விவரிப்பதிலேயே நேரத்தைத் தின்றுவிடுகிறார்கள். கிளையன்ட் எப்படி, மேனேஜர் எப்படி, டீமில் இரண்டு பேர் லீவு, சர்வர் பழசு என்று போய்க்கொண்டே இருக்கும். சூழ்நிலைக்கு இரண்டு வாக்கியம் போதும். மொத்தப் பதில் இரண்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அதில் பாதிக்கு மேல் நீங்கள் செய்ததாக இருக்கட்டும்.

உங்கள் துறையிலிருந்தே ஒரு மாதிரி. ஆங்கிலத்தில்தான் சொல்லப் போகிறீர்கள். அமைப்பு பிடிபடுவதற்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"ஒரு மாசக் கடைசியில் நைட் டூட்டியில் நான் மட்டும் இருந்தேன். ஒரு மணிக்கு ஓட வேண்டிய சம்பள பேட்ச் (எல்லோருடைய சம்பளத்தையும் மொத்தமாகக் கணக்கிடும் வேலை) 1:20-க்கு நடுவில் நின்றுவிட்டது. காலை 6 மணிக்குள் ஃபைல் பேங்குக்குப் போயாக வேண்டும். லாக்கைப் பார்த்ததில் டேட்டாபேஸ் டிஸ்க் நிரம்பியிருந்தது தெரிந்தது. எதை அழிக்கலாம் என்று முடிவு செய்யும் அனுமதி எனக்கு இல்லை. அதனால் 1:35-க்கு ஆன்-காலில் (அவசரத்துக்குக் கூப்பிடும் முறையில்) இருந்த டி.பி.ஏ.வை, அதாவது டேட்டாபேஸ் நிர்வாகியை, எழுப்பினேன். மேனேஜருக்கு மூன்று வரி அனுப்பினேன்: என்ன நின்றிருக்கிறது, ஆறு மணிக்குள் முடிக்க வாய்ப்பு இருக்கிறது, அடுத்த தகவல் 2:15-க்கு. அதே நேரத்தில் இன்னும் இரண்டு டிக்கெட் வந்தன. இரண்டும் காலைவரை தாங்கும் என்பதால் அவர்களுக்குச் சொல்லிவிட்டுத் தள்ளி வைத்தேன். டி.பி.ஏ. இடம் ஒதுக்கியதும், முதலிலிருந்து ஓட்டாமல் நின்ற இடத்திலிருந்து பேட்சை ஓட்டினேன். 4:40-க்கு முடிந்தது. டிஸ்க் 80 சதவீதத்தைத் தொட்டால் அலர்ட் வரும்படி அந்த வாரமே செய்தோம். ஆரம்பத்தில் பதற்றமாகத்தான் இருந்தது. அப்படி இருக்கும்போது செய்ய வேண்டியதைப் பேப்பரில் வரிசையாக எழுதிக்கொள்வேன், நிதானம் வந்துவிடும்."

இதில் பேனலில் இருப்பவரை நிமிர வைக்கும் இடம் எது? பேட்ச் 4:40-க்கு முடிந்தது என்று நினைப்பீர்கள். அனுபவமுள்ளவர் கவனிப்பது "அனுமதி எனக்கு இல்லை" என்ற இடத்தையும் "அடுத்த தகவல் 2:15-க்கு" என்ற இடத்தையும். முதலாவது, உங்கள் எல்லை உங்களுக்குத் தெரியும் என்பதைக் காட்டுகிறது. இரண்டாவது, உங்கள் மேலதிகாரியின் பதற்றத்தையும் சேர்த்துக் கையாளத் தெரிந்தவர் என்பதைக் காட்டுகிறது. ராத்திரியில் எழுப்பப்பட்ட மேனேஜருக்கு மிகப் பெரிய எரிச்சல் சர்வர் படுத்தது அல்ல; அடுத்து எப்போது தகவல் வரும் என்று தெரியாமல் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான்.

பதற்றமாக இருந்தது என்று ஒப்புக்கொண்ட அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் மொத்தமும் மனப்பாடம் மாதிரி ஒலிக்கும்.

இப்போது, உங்கள் அனுபவத்திலிருந்து எந்தச் சம்பவத்தை எடுப்பது? இங்கேதான் வேலை நெருக்கடியை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் உதவுவார். 1979-இல் அவர் ஸ்வீடன், அமெரிக்கத் தொழிலாளர்களின் தரவுகளை வைத்து ஒரு விஷயத்தைச் சொன்னார். வேலைப் பளு அதிகம் என்பதால் மட்டும் ஆள் நொடிந்து போவதில்லை. பளு அதிகமாகவும், அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் அதிகாரம் குறைவாகவும் இருக்கும்போதுதான் நெருக்கடி முற்றுகிறது. பளு அதிகமாக இருந்தும் கையில் அதிகாரம் இருந்தால், அதே வேலை ஆளைக் கற்றுக்கொள்ள வைக்கிறது. பி.பி.ஓ. (கால் சென்டர் மாதிரி) தளத்தில் உட்கார்ந்து ஸ்கிரிப்டை வாசிப்பவரும் அதே கட்டடத்தில் டீமை நடத்துபவரும் ஒரே அளவு பிசியாக இருந்தாலும் வீட்டுக்குப் போகும்போது ஒரே மாதிரி இல்லாததற்கு இதுதான் காரணம்.

நேர்காணலுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: உங்கள் கையில் கொஞ்சமாவது அதிகாரம் இருந்த சம்பவத்தைத் தேர்ந்தெடுங்கள். அல்லது இல்லாத அதிகாரத்தைக் கேட்டுப் பெற்ற சம்பவத்தை. ஒன்றுமே செய்ய முடியாமல் அனுபவித்த கொடுமைகள் எல்லோரிடமும் இருக்கின்றன. அவை நண்பர்களிடம் சொல்ல வேண்டியவை. பேனலிடம் சொன்னால் அனுதாபம் கிடைக்கும், ஆஃபர் கிடைக்காது.

ஐ.டி. ஆட்கள் மட்டும் இதைப் படிக்க மாட்டார்கள் என்பதால் பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யா பக்கத்திலிருந்து ஒரு உதாரணம். அங்கே ஒரு சிறு தொழிற்சாலையில் அக்கவுன்ட்ஸ் பார்க்கும் பெண் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தின் முதல் இருபது நாளும் அவருக்குக் கத்தி மேல் நடைதான். 7-ஆம் தேதி டி.டி.எஸ். (பிடித்த வரி), 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1 (விற்பனை விவரம்), 15-ஆம் தேதி பி.எஃப்., 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-3பி (மாத ஜி.எஸ்.டி. கணக்கு). சப்ளையர் பில்லை நேரத்துக்குக் கொடுக்க மாட்டார். முதலாளி கையெழுத்துப் போட ஆள் கிடைக்க மாட்டார். தாமதமானால் லேட் ஃபீ ஒரு பக்கம், வட்டி ஒரு பக்கம். நேர்காணலில் இவர் "டெட்லைன் எனக்குப் பழகிப்போச்சு" என்று சொன்னால் அதில் சரக்கு இல்லை. இப்படிச் சொல்லலாம்: "முன்பெல்லாம் 18, 19 தேதிகளில்தான் விடுபட்ட பில்கள் தெரியும், அலுவலகமே அல்லோலகல்லோலப்படும். 14-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-2பி (சப்ளையர்கள் பதிவு செய்த பில்களின் பட்டியல்) வந்த உடனே பர்ச்சேஸ் ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டு, விடுபட்ட சப்ளையர் பட்டியலை அன்றைக்கே பர்ச்சேஸ் மேனேஜரிடம் கொடுக்க ஆரம்பித்தேன். போன் பண்ணுவது அவர் வேலை என்று முதலாளி முன்னிலையில் பேசி வைத்துக்கொண்டோம். இப்போது 20-ஆம் தேதி சாயங்காலம் சாதாரண நாள் மாதிரிப் போகிறது." தீயை அணைத்த கதையைவிட, தீ பிடிக்காமல் செய்த கதைக்கு மதிப்பு ஒரு படி கூடுதல். ஆனால் அதைச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை, ஏனென்றால் அதில் பரபரப்பு இல்லை.

ஃப்ரெஷர்களுக்கு: வேலை அனுபவம் இல்லை என்று கைவிரிக்க வேண்டாம். கடைசி வருட ப்ராஜெக்ட்டில் ஒருவன் பாதியில் கழன்றுகொண்டது, பகுதிநேர வேலையும் தேர்வும் மோதியது, எதுவாக இருந்தாலும் சரி. வீட்டுத் துயரங்களை மட்டும் இந்தக் கேள்விக்குக் கொண்டு வராதீர்கள். கேட்பவருக்கு அடுத்து என்ன பேசுவது என்று தெரியாமல் போய்விடும்.

கதை சொல்லி முடித்ததும் தப்பித்துவிட்டோம் என்று நினைக்கக் கூடாது. உண்மையான சோதனை அடுத்த கேள்விகளில்தான் இருக்கிறது. "டி.பி.ஏ. போன் எடுக்கலைன்னா?" "திரும்ப இதே மாதிரி வந்தா எதை மாத்துவீங்க?" "அந்த ரெண்டு டிக்கெட்காரங்க கத்தலையா?" இரவல் கதை இங்கே உடையும். யூடியூபில் பார்த்து அப்படியே ஒப்பிப்பவரிடம் இரண்டாவது உபகேள்வி கேட்டால் போதும், முகம் சொல்லிவிடும். நான் மேலே எழுதிய மாதிரியைக்கூட எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நான்கு வருடத்தில் இதைப் போன்ற ராத்திரிகள் இருந்திருக்கும். பழைய டிக்கெட்டுகளை நினைவுபடுத்தி இரண்டு மூன்று சம்பவங்களை எழுதுங்கள். எழுதியதை மனப்பாடம் செய்யாமல் பி.ஜி. ரூம்மேட்டிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் தெலுங்குக்காரராகவோ கன்னடக்காரராகவோ இருந்தால் இன்னும் நல்லது, ஆங்கிலத்தில்தான் சொல்லியாக வேண்டும். "புரியல, நடுவுல என்ன ஆச்சு?" என்று அவர் கேட்கும் இடத்தில்தான் பேனலும் கேட்கும்.

பெங்களூருக்கே உரிய ஒரு தந்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். "எங்க ஸ்டே பண்றீங்க?" என்று சும்மா விசாரிப்பதுபோல் கேட்பார்கள். சும்மா இல்லை. நீங்கள் கே.ஆர்.புரம், ஆபீஸ் ஒயிட்ஃபீல்டு என்றால் பர்ப்பிள் லைன் மெட்ரோ நேராகப் போகிறது, கவலை இல்லை. ஆபீஸ் எலக்ட்ரானிக் சிட்டி என்றால் மெஜஸ்டிக்கில் ஒருமுறை, ஆர்.வி. ரோட்டில் ஒருமுறை மாறி, 2025 ஆகஸ்டில் திறந்த யெல்லோ லைனைப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் சில்க் போர்டு வழியாக ரோட்டில் கிடக்க வேண்டும். ஓசூரிலிருந்து தினம் வந்துபோகும் நம் ஆட்களிடம் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக வரும். கேட்பவர் போடும் கணக்கு: இவர் எத்தனை மாதம் தாங்குவார்? "அட்ஜஸ்ட் பண்ணிக்குவேன்" என்பது பதில் இல்லை. "வேலை உறுதியானால் முதல் மாசத்துக்குள்ளேயே அந்தப் பக்கம் பி.ஜி. மாறிவிடுவேன்" என்பது பதில். டிராஃபிக்கையே உங்கள் ஸ்ட்ரெஸ் உதாரணமாகச் சொல்வது மட்டும் வேண்டாம். அது இந்த ஊரில் எல்லோருக்கும் பொது.

வேலை நேரம் பற்றி உங்கள் கருத்தைக் கேட்டு வாயைக் கிளறலாம். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியனின் 90 மணி நேரப் பேச்சு கிளம்பியது. இவை வந்தால் பட்டிமன்றம் நடத்த வேண்டாம். "ரிலீஸ் வாரத்தில் நீண்ட நேரம் இருந்திருக்கிறேன், இருப்பேன். எல்லா வாரமும் ரிலீஸ் வாரமாக இருந்தால் ஆள் பற்றாக்குறையா, திட்டத்தில் கோளாறா என்று பார்க்கச் சொல்வேன்" என்று நிறுத்துங்கள். இதைக் கேட்டு முகம் சுளிக்கும் இடத்தில் வேலை கிடைக்காதது நஷ்டமில்லை.

சில பேனல்கள் வேண்டுமென்றே நெருக்கும். பாதியில் வெட்டுவது, "திஸ் இஸ் நாட் கன்வின்சிங்" என்பது, பதில் சொன்ன பிறகு ஒன்றும் பேசாமல் பார்ப்பது. அந்த மௌனம்தான் ஆட்களை அதிகம் கவிழ்க்கிறது. இடைவெளியை நிரப்ப எதையாவது உளறி, சொன்ன நல்ல பதிலைக் கெடுத்துக்கொள்வார்கள். பேசி முடித்தால் நிறுத்திவிடுங்கள். குறுக்கே வெட்டினால், "நீங்கள் கேட்டது இதுதானா?" என்று ஒருமுறை உறுதிசெய்துகொண்டு தொடருங்கள். யோசிக்க நேரம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஆனால் நெருக்குவதற்கும் அவமானப்படுத்துவதற்கும் வித்தியாசம் உண்டு. உங்கள் கல்லூரியையோ உச்சரிப்பையோ ஊரையோ கிண்டல் செய்தால் அது நேர்காணல் உத்தி கிடையாது. அங்கே தினமும் எப்படிப் பேசுவார்கள் என்பதற்கான முன்னோட்டம் அது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பழைய வேலையை நைட் ஷிப்டும் பிரஷரும் தாங்காமல் விட்டதைச் சொல்வதா, மறைப்பதா?

பொய் சொல்லாதீர்கள். சப்போர்ட் வட்டாரம் சின்னது, பேக்கிரவுண்டு வெரிஃபிகேஷனும் உண்டு. அதே சமயம் "பர்ன்-அவுட் ஆயிட்டேன்" என்றும் ஆரம்பிக்காதீர்கள். உலக சுகாதார அமைப்பு 2019-இல் பர்ன்-அவுட்டைத் தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்தபோது அதை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட வேலை நெருக்கடியால் வரும் நிலை என்றுதான் விவரித்தது. சக்தி வடிந்துபோவது, வேலையின் மீது வெறுப்பும் விலகலும் வருவது, செய்யும் வேலையில் திறன் குறைவது ஆகியவை அதன் மூன்று கூறுகள். அதாவது பாதிக் காரணம் வேலை அமைந்திருந்த விதம். ஆனால் நேர்காணல் அறையில் அந்தச் சொல் விழுந்ததும், வேலை அமைந்த விதத்தை யாரும் யோசிப்பதில்லை; உங்களிடம்தான் ஏதோ குறை என்று யோசிப்பார்கள். நியாயமா என்றால் இல்லை. நடப்பது அதுதான்.

ஆகவே உணர்ச்சியைச் சொல்வதற்குப் பதில் வேலை எப்படி மாறியது என்பதைச் சொல்லுங்கள். "சேர்ந்தபோது ஆறு பேர் ரொட்டேஷன், மாதம் ஒரு வாரம் நைட். இரண்டு பேர் போன பிறகு அந்த இடங்கள் நிரப்பப்படவில்லை. தொடர்ந்து பல மாதங்கள் நைட் மட்டுமே பார்த்தேன். மேனேஜரிடம் இரண்டு முறை பேசினேன், ரோஸ்டரை மாற்ற ஒரு யோசனையும் எழுதிக் கொடுத்தேன். மாற வாய்ப்பில்லை என்று தெரிந்த பிறகு நோட்டீஸ் கொடுத்து, முழுவதும் ஹேண்ட்ஓவர் செய்துவிட்டு வந்தேன். ரொட்டேஷனில் நைட் பார்க்க எனக்கு இப்போதும் ஆட்சேபம் இல்லை." இது ஒரு மாதிரிதான், எண்கள் உங்கள் நிஜ எண்களாக இருக்கட்டும். பழைய மேனேஜரைத் திட்டும் ஒரு சொல்கூட இதில் இல்லை என்பதையும், நீங்கள் பேசிப் பார்த்துவிட்டுத்தான் வந்தீர்கள் என்பதையும் கவனியுங்கள். பேசிப் பார்க்கவே இல்லை என்றால் அந்த வரியைச் சேர்க்காதீர்கள். "எப்போது பேசினீர்கள், என்ன சொன்னார்?" என்று நிச்சயம் கேட்பார்கள். கடைசி வாக்கியமும் அப்படியே. நைட் ஷிப்ட் இனி முடியவே முடியாது என்றால் அதை முதல் ஸ்கிரீனிங் காலிலேயே எச்.ஆரிடம் சொல்லிவிடுங்கள். மூன்று ரவுண்டு போன பிறகு சொன்னால் இரண்டு பக்கமும் கசப்பு.

இடையில் டாக்டரைப் பார்த்திருந்தால்? மனநலச் சிகிச்சை எடுத்த விவரத்தை நேர்காணலில் நீங்களாக முன்வந்து சொல்ல வேண்டியதில்லை. சிகிச்சை விவரம் ரகசியமாகக் காக்கப்படுவது 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை. இடைவெளியைக் கேட்டால் "உடல்நலம் சார்ந்த ஓய்வு தேவைப்பட்டது, இப்போது முழு வேலைக்குத் தயார்" என்பது உண்மையும்கூட, போதுமானதும்கூட. இன்னும் தூக்கம் சரியாகவில்லை, நேர்காணலை நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது என்றால் அதை இந்தப் பதிலால் தீர்க்க முடியாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். நீங்கள் இருக்கும் ஊரிலேயே ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது.

கடைசியாக, "உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கா?" என்று அவர்கள் கேட்கும்போது "நோ சார்" என்று எழுந்துவிடாதீர்கள். ஒரு தடவை அடிபட்டு வந்திருக்கிறீர்கள். அதே மாதிரி இடத்தில் மறுபடி போய் விழாமலிருக்க இதுதான் சந்தர்ப்பம். "ஒர்க்-லைஃப் பேலன்ஸ் எப்படி?" என்று கேட்டால் "ரொம்ப நல்லா இருக்கும்" என்பார்கள், அதில் ஒன்றும் தெரியாது. ஆன்-கால் ரோஸ்டரில் எத்தனை பேர், போன மாதம் ராத்திரியில் எத்தனை தடவை எழுப்பப்பட்டார்கள், இந்த இடத்தில் முன்பு இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். நல்ல மேனேஜர் யோசித்து ஒரு எண்ணைச் சொல்வார். "வி ஆர் லைக் எ ஃபேமிலி" என்று சிரித்து மழுப்பினால், அடைப்புக்குறிக்குள் முன்பு சொன்ன அந்தக் கண் பளபளக்கும் பேனல் இதுவாக இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் ஓரளவு தெரிந்திருக்கட்டும். கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம் 1961-இன்படி நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதுதான் அடிப்படை. ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி. 2024-இல் ஐ.டி. துறைக்கு 14 மணி நேரம் வரை நீட்டிக்கும் யோசனை வந்தபோது ஊழியர் சங்கம் தெருவில் இறங்கியது. நேர்காணலில் சட்டம் பேச வேண்டாம். ஆஃபர் கையில் வந்த பிறகு ஷிப்ட் அலவன்ஸ் எவ்வளவு, ராத்திரி கேப் எந்த ஏரியாவரை வரும், ஆன்-கால் வாரத்துக்குக் காம்ப்-ஆஃப் (ஈடான விடுமுறை) உண்டா என்ற மூன்றையும் எச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள். போனில் சொன்னால் "அப்படியே மெயிலில் போட்டுவிடுங்கள் மேடம்" என்று சொல்லிவிட்டு, அந்த மெயில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.